வான்கோழிக்கு ஒரு வக்காலத்து

(இளம் அறிவியல் மூன்றாம் ஆண்டு, விலங்கியல்)



தமிழ் படித்த எவருக்கும் வான்கோழி என்றதும் மூதுரைதான் நினைவுக்கு வரும். மயிலைப் பார்த்துத் தானும் ஆட முயன்று கேலிக்கு ஆளான பறவை என்று தொடக்கப் பள்ளியிலேயே அதற்கு ஒரு பட்டம் கட்டிவிடுகிறோம். கல்லாதவன் கவி பாட வருவதற்கு அது உவமையாயிற்று. அன்று தொட்டு நம் பட்டிமன்றங்களில் அதற்கு ஓய்வே கிடையாது. எதிரணிப் பேச்சாளரை மட்டம் தட்ட வேண்டுமா, கூப்பிடு வான்கோழியை! நம் கல்லூரி இலக்கிய மன்ற விழாவில் ஒரே மாலையில் மூன்று முறை அது மேடையேறியதை நான் எண்ணியிருக்கிறேன். அத்தனை முறை அழைத்தவர்களில் ஒருவராவது அதற்கு ஒரு பிடி கம்பு போட்டிருப்பாரா என்பது ஐயமே.

விலங்கியல் மாணவன் என்ற உரிமையில் அந்தப் பறவையின் பக்கம் நின்று வாதாட வந்திருக்கிறேன். என் வாதம் இதுதான்: கொல்லையில் இடமுள்ள வீடுகள் வான்கோழியை வளர்த்துப் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். ஆனால் முதல் ஆண்டில் ஆறு பறவைகள் போதும். அறுபது வாங்கு, இருநூறு வாங்கு என்று சொல்பவன் யாராயினும் அவன் நமக்கு நண்பனல்லன்.

முதலில் கட்சிக்காரரின் பிறப்புச் சான்றிதழைப் பார்த்துவிடுவோம். வான்கோழியின் தாயகம் வட அமெரிக்கா. மெக்சிகோ நாட்டுப் பழங்குடியினர் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அதைப் பழக்கி வீட்டுப் பறவையாக்கினர். 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பானியர் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றனர். 1612-இல் கோவாவிலிருந்து முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் அவைக்கு ஒரு வான்கோழி வந்து சேர்ந்தது. அதன் தலையும் தொங்கு தசையும் ஓணானைப் போல் நிறம் மாறுவதைக் கண்டு வியந்த மன்னர், தம் நாட்குறிப்பில் அதைப் பற்றி எழுதினார். ஓவியர் மன்சூரைக் கொண்டு படமும் தீட்டச் செய்தார். அந்த ஓவியம் இன்று இலண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இதிலிருந்து ஒரு முடிவு கிடைக்கிறது. மூதுரை 12-ஆம் நூற்றாண்டு நூல் என்று கொள்வோமானால், அந்தப் பாட்டில் வரும் வான்கோழி இந்த வான்கோழியாக இருக்க முடியாது. வேறு எதோ ஒரு காட்டுப் பறவை செய்த குற்றத்துக்கு, கடல் கடந்து வந்த பறவை நானூறு ஆண்டுகளாகத் தண்டனை அனுபவித்து வருகிறது! அதுவுமன்றி, வான்கோழிச் சேவல் தோகை விரித்துச் சிறகைத் தரையில் உரசி நடப்பது எவரையும் பார்த்துக் கற்றதன்று. மயில் என்ற ஒன்று இருப்பதையே அறியாத மெக்சிகோக் காட்டில் அது தன் பேட்டுக்காக ஆடிய ஆட்டம் அது. சொந்தச் சரக்கு!

பெயர்க் குழப்பம் இதோடு நிற்கவில்லை. ஆங்கிலேயர் அதைத் துருக்கியிலிருந்து வந்ததாக எண்ணி அந்நாட்டின் பெயரையே வைத்தனர். துருக்கியரோ 'ஹிந்தி', அதாவது இந்தியப் பறவை என்றனர். பிரெஞ்சுக்காரர் சொல்லும் பொருளும் அதுவே. போர்த்துகீசியர் 'பெரு' என்று தென்னமெரிக்க நாட்டின் பெயரைக் கொடுத்தனர். டச்சுக்காரர் நம் கள்ளிக்கோட்டையின் பெயரால் 'கல்கூன்' என்றழைத்தனர். அவர்கள் ஆண்ட இலங்கையில் சிங்களவர் இன்றும் 'களுகுமா' என்கின்றனர். லின்னேயஸ் 1758-இல் வைத்த அறிவியல் பெயரான 'மெலியாக்ரிஸ் கேலோபாவோ' எல்லாவற்றையும் விஞ்சிவிட்டது. கிரேக்கத்தில் மெலியாக்ரிஸ் என்றால் கின்னிக்கோழி; இலத்தீனில் கேலஸ் என்றால் சேவல்; பாவோ என்றால் மயில். மூன்று பறவைகளின் பெயரைச் சேர்த்து நான்காவது பறவைக்குச் சூட்டியிருக்கிறார்கள்! பெயரில்கூட மயில் அதை விடவில்லை பாருங்கள்.

சரி, வாதத்துக்கு வருவோம். வான்கோழி வளர்க்கப் புதிதாக இறங்குவோர் எல்லாரும் ஒரே இடத்தில்தான் வழுக்குகிறார்கள். "நாட்டுக்கோழி வளர்க்கத் தெரியாதா நமக்கு? இது அதைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதானே" என்பார்கள். அவ்வளவுதான் அன்று. நாட்டுக்கோழிக் குஞ்சு முட்டையை விட்டு வெளியே வந்த நாளே தாயின் பின்னால் ஓடிக் கொத்தித் தின்னும். வான்கோழிக் குஞ்சுக்குத் தீனி எது, தண்ணீர் எது என்பதே தெரியாது. தட்டு நிறையத் தீவனம் இருக்க, அதன் பக்கத்திலேயே நின்று பட்டினியால் சாகும். வயிற்றுக்குள் மிஞ்சியிருக்கும் மஞ்சள் கரு மூன்று நாள் அதைத் தாங்கும். அதனால் முதல் மூன்று நாள் எல்லாக் குஞ்சும் நன்றாக இருப்பது போலவே தோன்றும். நான்காம் நாள், ஐந்தாம் நாள் ஒவ்வொன்றாகச் சாயும். வளர்ப்பவர் நோய் என்று நினைத்து மருந்துக்கு ஓடுவார். அது நோயன்று, வெறும் பசி.

எங்கள் ஊர் தருமபுரிப் பக்கம் ஒரு மானாவாரிச் சிற்றூர். என் தாயார் மகளிர் குழுவில் எடுத்த சிறு கடனில் எட்டுக் குஞ்சுகள் வாங்கினார். சந்தையில் மொபெட்டின் பின்னால் கூடை வைத்து விற்ற ஒருவர், மூன்று நாள் குஞ்சுகளைப் பத்து நாள் குஞ்சு என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் காலை இரண்டு குஞ்சுகள் தலை தொங்கி நின்றன, மாலைக்குள் போய்விட்டன. "ஏம்பா, இதுக்குக் கண்ணு தெரியலையா? சோத்துத் தட்டு மேலேயே நின்னுக்கிட்டு சோறு தேடுது!" என்றார் என் ஆயா. கால்நடை மருந்தகத்து மருத்துவர் சொன்ன வழி எளிது. வேகவைத்த முட்டையைப் பொடியாக நறுக்கித் தீவனத்தின் மேல் தூவுவது. முருங்கைக் கீரையையும் அரிந்து போடுவது. தண்ணீர்த் தட்டில் பச்சைக் கோலிக்குண்டு நான்கைப் போட்டு வைப்பது. மினுமினுப்பான எதையும் அந்தக் குஞ்சு கொத்திப் பார்க்கும். பச்சை நிறம் என்றால் அதற்குத் தனி ஆசை. கோலியைக் கொத்தினால் அலகில் தண்ணீர் படும். படவே, குடிக்கத் தெரிந்துவிடும். மணிக்கு ஒரு தரம் விரலால் தட்டைத் தட்டிக் காட்டவும் வேண்டும். ஆயா ஒரு வாரம் முழுதும் இதே வேலையாக உட்கார்ந்திருந்தார். மீதி ஆறும் பிழைத்தன.

இதனால்தான் முதன்முறை வளர்ப்போர் ஒருநாள் குஞ்சு வாங்கவே கூடாது என்கிறேன். ஒரு மாதம் வளர்ந்த குஞ்சாக வாங்க வேண்டும். விலை கூடுதல்தான். ஆனால் அந்தக் கூடுதல் விலை, தின்னக் கற்றுக்கொடுத்த கூலி. கதகதப்பு கொடுத்த கூலி. ஒருநாள் குஞ்சை எடுத்தால் முதல் வாரம் 95 பாகை ஃபாரன்ஹீட் வெப்பம் கொடுக்க வேண்டும். பிறகு வாரத்துக்கு ஐந்து பாகை குறைக்க வேண்டும். வெப்பமானி இல்லாத வீட்டிலும் இதைக் கணிக்கலாம்: குஞ்சுகள் பல்புக்கு அடியில் ஒன்றன் மேல் ஒன்று நெருக்கிக்கொண்டால் குளிர் என்று பொருள், ஒதுங்கி ஓரத்தில் வாய் பிளந்து நின்றால் சூடு. மின்சாரம் நின்ற இரவில் ஒரே மூலையில் குவிந்து மூச்சு முட்டிச் சாவதும் உண்டு. ஆகவே மூலையே இல்லாதபடி தகரத்தையோ அட்டையையோ வட்டமாக வளைத்து வைப்பார்கள். கூடு எப்படிக் கட்டுவது என்று நான் விரித்துரைக்கப் போவதில்லை. நாய் நுழையாமல், மழை ஒழுகாமல், பறவைக்கு நான்கைந்து சதுர அடி கிடைத்தால் சரி.

இரண்டாவதாகச் சொல்லப் போவது எங்கள் துறை மாணவர்கள் தேர்வுக்கு நெட்டுருப் போடும் ஒரு பாடம். ஹிஸ்டோமோனாஸ் என்றொரு ஒற்றைச் செல் உயிரி. நாட்டுக்கோழியின் குருட்டுக்குடலில் இருக்கும் ஹெட்டராகிஸ் என்ற சிறு புழுவின் முட்டைக்குள் அது குடியிருக்கும். கோழியின் எச்சத்தோடு அந்த முட்டை மண்ணில் விழுந்தால் ஆண்டுக்கணக்கில் அழியாது. மண்புழு அதைத் தின்று சேர்த்து வைக்கும். வான்கோழி மண்புழுவைத் தின்னும். கோழியைப் பெரிதாக ஒன்றும் செய்யாத அந்த உயிரி வான்கோழியின் ஈரலில் வட்ட வட்டமாகப் புண் உண்டாக்கும். எச்சம் கந்தக மஞ்சளாகப் போகும். பறவை சிறகைத் தொங்கவிட்டுத் தூங்கி வழியும். பிறகு செத்து விழும். கருந்தலை நோய் என்று இதற்குப் பெயர். தலை கறுப்பாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. பெயரை நம்பித் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தால் எச்சத்தைப் பார்க்கத் தவறிவிடுவோம்.

படத்தில் இந்த வாழ்க்கைச் சுழற்சியை அம்புக்குறி போட்டு வரைந்து பத்து மதிப்பெண் வாங்குகிறோம். ஆனால் அந்த அம்புக்குறி நம் வீட்டுக் கொல்லையில்தான் ஓடுகிறது என்று எத்தனை பேர் வீட்டில் போய்ச் சொல்லியிருப்போம்? கோழி மேய்ந்த மண்ணில் வான்கோழியை விடாதே என்பதுதான் அந்தப் பாடத்தின் சாரம். "நம்ம வீட்டில் சேர்த்துத்தான் வளர்க்கிறோம், ஒன்றும் ஆகவில்லையே" என்று சிலர் சொல்வர். உண்மைதான், அப்படிப்பட்ட வீடுகள் இருக்கின்றன. அவர்கள் மண்ணில் அந்தப் புழு இல்லாமலிருக்கலாம். ஆனால் நூறு பறவை வைத்திருப்பவருக்கு இருபது போனால் நட்டம். ஆறு வைத்திருக்கும் தாய்க்கு ஆறும் போனால் குழுக்கடன் கழுத்தைப் பிடிக்கும். யார் எதைப் பணயம் வைக்கிறார் என்று பார்த்துத்தான் அறிவுரை சொல்ல வேண்டும். நாட்டுக்கோழியை அடை வைத்து வான்கோழி முட்டை பொரிக்கச் செய்வது ஊரில் உள்ள வழக்கம். 28 நாள் உட்கார வேண்டுமே என்று கோழி சலித்து எழுந்துவிடாமலிருந்தால் பொரித்தும் கொடுக்கும். அதற்கு முன் அந்தக் கோழிக்குக் குடற்புழு மருந்து கொடுத்துவிட வேண்டும். பொரித்த குஞ்சுகளை அதனிடம் விட்டுவைக்காமல் எடுத்துவிட வேண்டும்.

எங்கள் ஊரில் வேலி கிடையாது. பக்கத்து வீட்டுக் கோழிக்கு எல்லையும் கிடையாது. என் தாயார் கோழி போகாத பழைய களத்து மேட்டைத் தேர்ந்தெடுத்து, வேலிமுள் வெட்டி அடைத்தார். கொல்லைக்குள் இடம் தேடாமல் களத்துக்குப் போனதுதான் அவர் செய்த புத்திசாலித்தனம் என்பேன். வெள்ளைக் கழிச்சலுக்கும் அம்மைக்கும் தடுப்பூசி போட்டுக்கொள்வது எல்லாரும் அறிந்ததே.

தீனியைப் பற்றி ஒரு கதை சொல்ல வேண்டும். கடலை விளையும் நம் பகுதிக்கு அது மிகவும் பொருந்தும். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் சில மாதங்களில் மடிந்தன. காரணம் தெரியாமல் 'வான்கோழி எக்ஸ் நோய்' என்று பெயரிட்டனர். கிருமியைத் தேடினர், அகப்படவில்லை. கடைசியில் குற்றவாளி அகப்பட்டது தீவனத்தில். பிரேசிலிலிருந்து இறக்குமதியான கடலைப் புண்ணாக்கில் பூத்திருந்த ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சை ஒரு நஞ்சைச் சுரந்திருந்தது. அந்தப் பூஞ்சையின் பெயரைச் சுருக்கித்தான் 'அஃப்லாடாக்சின்' என்ற சொல் பிறந்தது. கல்லீரலைக் கெடுக்கும் அந்த நஞ்சு மனிதனுக்கும் ஆகாது என்பது பின்னர் விளங்கியது. இன்று கடலை ஏற்றுமதியாகும்போதெல்லாம் இந்த நஞ்சுக்குச் சோதனை நடக்கிறது. உலகத்துக்கு அந்த எச்சரிக்கையைக் கொடுக்க உயிரை விட்டது வான்கோழி. மூதுரைக்காரர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்!

ஆகவே, மழைக்காலத்தில் நனைந்து பூத்த புண்ணாக்கை "மாட்டுக்கு ஆகாது, கோழிக்குப் போடு" என்று தள்ளிவிடும் பழக்கம் வான்கோழியிடம் செல்லாது. அதைவிட எளிதில் இந்த நஞ்சுக்கு ஆட்படும் பறவை வாத்து ஒன்றுதான். நல்ல தீனிக்கோ நம்மிடம் பஞ்சமில்லை. குஞ்சுப் பருவத்தில் அதற்குப் புரதம் கோழியைவிடக் கூடுதலாக வேண்டும். நூற்றுக்கு 28 பங்கு என்பது கணக்கு. ஆதலால் முதல் இரண்டு மாதம் வாங்கிய தீவனத்தில் கஞ்சத்தனம் கூடாது. பிறகு அது மேய்ச்சல் பறவை. வேலிமசால், அகத்தி, முருங்கை என்று எதைக் கொடுத்தாலும் தின்னும். வெட்டுக்கிளி, கறையான், நத்தை எதையும் விடாது. மேயவிட்டுப் பசுந்தீனியும் கொடுத்தால் தீவனச் செலவு குறையும். எங்கள் களத்து மேட்டில் மழைக்குப் பின் வரும் புழு பூச்சிக்கு ஆறு பறவைகளும் வரிசை கட்டி நடந்து போகும் அழகை ஊரே நின்று பார்த்தது.

அதன் குணத்தைப் பற்றியும் ஊரில் தவறான எண்ணம் உண்டு. மழை பெய்தால் வாயைத் திறந்து மேலே பார்த்துக்கொண்டே நின்று மூழ்கிச் சாகும் முட்டாள் பறவை என்று அமெரிக்கர்களே ஒரு கட்டுக்கதை கட்டிவிட்டார்கள். அப்படி ஒன்றும் கிடையாது. வளர்ப்பவர் குரலை அது நன்றாக அடையாளம் கண்டுகொள்கிறது. புதிய ஆள் வந்தால் சேவல்கள் ஒன்றாகக் குரல் கொடுக்கும். பெருஞ்சத்தம் எதைக் கேட்டாலும் பதில் சொல்லாமல் இருக்க அதனால் முடியாது. எங்கள் வீட்டில் குக்கர் விசில் அடித்தால் சேவல் மூன்றும் 'களகளகள' என்று பதில் கொடுக்கும். பேருந்து ஒலி எழுப்பினாலும் அப்படியே. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1784-இல் தம் மகளுக்கு எழுதிய கடிதத்தில், கழுகைவிட வான்கோழியே மதிப்புக்குரிய பறவை, அதுவே அசல் அமெரிக்கக் குடி என்று வேடிக்கையாக எழுதியிருக்கிறார். அதை நாட்டுச் சின்னமாக்க அவர் போராடினார் என்பது மட்டும் பிற்காலத்தார் ஒட்டவைத்த வால்.

எந்த வகையை வளர்ப்பது? மேலைநாட்டுப் பெரும்பண்ணைகளில் வளரும் அகன்ற மார்பு வகைச் சேவலுக்கு மார்புக் கறி ஏறி ஏறி, இயற்கையாகப் பேட்டுடன் சேரவே முடியாது. செயற்கை முறைக் கருவூட்டலால்தான் அந்த இனம் நிற்கிறது. நம் கொல்லைக்கு அது எதற்கு? நமக்கு ஏற்றது நாட்டுக் கறுப்பு. அல்லது அந்தக் கறுப்பையும் பெல்ட்ஸ்வில் சிறு வெள்ளை வகையையும் கலந்து சென்னை நந்தனத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய 'நந்தனம் வான்கோழி-1'. நம் வெயிலைத் தாங்கும். தானே அடை உட்காரும். ஐந்து பேட்டுக்கு ஒரு சேவல் போதும். ஏழு மாதத்தில் முட்டையிடத் தொடங்கும். பெரும்பாலும் பிற்பகலில் இடும். ஒரு முனை கூரான, புள்ளி விழுந்த அந்த முட்டை 85 கிராம் வரை இருக்கும்.

இனி, எல்லாரும் கேட்கும் கேள்வி: பணம் வருமா?

இங்கேதான் நான் நம் மக்களை எச்சரிக்க விரும்புகிறேன். ஈமுவை மறந்துவிட்டோமா? ஈரோடு மாவட்டம் பெருந்துறைப் பக்கம் முளைத்த ஈமு நிறுவனங்கள், குஞ்சை வாங்கி வளர்த்தால் மாதந்தோறும் பணம் என்று விளம்பரம் செய்தன. 2012-இல் அந்தக் கட்டடம் சரிந்தது. நிலத்தை விற்றும் நகையை அடகு வைத்தும் பணம் போட்டவர்கள் காவல் நிலையத்தில் வரிசையில் நின்றனர். தீனியின்றிக் கிடந்த பறவைகளுக்கு அரசே தீனி போட வேண்டிய நிலை வந்தது. ஈமு கெட்ட பறவையா என்றால், இல்லை. அதன் கறியைத் தின்பவர் யாரும் இல்லை என்பதுதான் செய்தி. குஞ்சு வாங்கியவர் அடுத்தவருக்குக் குஞ்சு விற்க, அவர் அதற்கடுத்தவருக்கு விற்க, கடைசியில் வாங்க ஆளில்லாதபோது எல்லாம் நின்றது.

வான்கோழி ஈமு அன்று. அதைத் தின்பவர் இருக்கிறார்கள். மார்புக்கறி வெண்மையானது, கொழுப்புக் குறைந்தது. கிறிஸ்துமஸ் வந்தால் தேடி வருவோர் உண்டு. ஆனால் அதே ஏமாற்று வான்கோழியின் முதுகிலும் ஏறப் பார்க்கிறது. கைப்பேசியைத் திறந்தால் "வான்கோழி வளருங்கள், இலட்சாதிபதி ஆகுங்கள்" என்று ஒருவர் சிரித்துக்கொண்டே சொல்கிறார். அவர் பேச்சின் கடைசியில் குஞ்சு விற்பனைக்கு ஓர் எண் வரும்! அவருடைய இலாபம் குஞ்சில். நம்முடைய இலாபம் வளர்ந்த பறவையில். இந்த இரண்டுக்கும் நடுவே எட்டு மாதத் தீனியும் நாயும் கீரியும் கழிச்சலும் இருக்கின்றன. ஆறு பறவையை முதலில் நாமே தின்று, உறவினருக்கும் கொடுத்து, உள்ளூரில் யார் வாங்குவார் என்று அறிந்த பிறகுதான் பன்னிரண்டு.

இன்னொன்றும் இருக்கிறது, வளர்ப்புப் புத்தகங்களில் அது வருவதில்லை. நம் ஊர்களில் நாட்டுக்கோழிக் காசு என்பது பெண்களின் காசு. முட்டை விற்றதும் குஞ்சு விற்றதும் அஞ்சறைப் பெட்டிக்குள் போகும். ஆண்கள் அதைக் கேட்பதில்லை. பெருந்தன்மையால் அன்று, அது எண்ணிப் பார்க்கத் தகாத சில்லறை என்பதால். வான்கோழிக் காசு சில்லறை அன்று. எடை போட்டால் ஒரு சேவலே ஒரு மாதச் செலவுக்குக் காணும். எங்கள் வீட்டு முதல் கிறிஸ்துமஸ் விற்பனையில் நான்கு பறவைகள் போயின. வாங்க வந்தவர், எட்டு மாதம் தீனி போட்ட என் தாயாரிடம் விலை பேசவில்லை. திண்ணையில் இருந்த என் தந்தையாரிடம் பேசினார். பணத்தையும் அவர் கையிலேயே எண்ணிக் கொடுத்தார். என் தந்தையார் குடிப்பவரல்லர், ஊதாரியுமல்லர். உரக்கடைப் பாக்கி இருந்தது, கட்டினார். ஆனால் அந்தப் பணம் என் தங்கையின் விடுதிக் கட்டணம் என்று அம்மா முதல் நாளிலிருந்தே மனத்தில் எழுதி வைத்திருந்தார். அந்த மாதம் கட்டணத்துக்கு அவருடைய கம்மல் அடகுக் கடைக்குப் போயிற்று.

இதை வீட்டுச் சண்டை என்று சிரித்துத் தள்ளக் கூடாது. பெண்கள் முன்னேற்றம் என்று மேடையில் பேசுகிறோம். பெண்களுக்கு ஆடு கொடு, மாடு கொடு, கோழி கொடு என்கிறோம். பறவை பெரிதாகும்போது, அதைச் சந்தைக்குக் கொண்டுபோகும் கை மாறிவிடுகிறது என்பதை யாரும் சொல்வதில்லை. உழைப்பு அம்மாவிடமே இருக்க, காசு மட்டும் இடம் மாறினால் அந்த வளர்ப்பு அவருக்கு முன்னேற்றமா, கூடுதல் வேலையா? அடுத்த ஆண்டு அம்மா ஒரு காரியம் செய்தார். குழுப் பெண்கள் நால்வர் ஆளுக்கு ஐந்தாக வளர்த்து, டவுனிலிருந்து வருபவரைக் குழுக் கூட்டம் நடக்கும் கோயில் திண்ணைக்கே வரச் சொன்னார்கள். தராசு அவர்களுடையது, பணம் குழுக் கணக்கில் ஏறியது. வந்தவர் முதலில் "வீட்டில் ஆம்பளை யாரும் இல்லையா?" என்று கேட்டாராம். "இருக்காங்க, கழனிக்குப் போயிருக்காங்க. நீங்க எடையைப் பாருங்க" என்றாராம் அம்மா. கம்மல் இன்னும் முழுதாக மீளவில்லை. வட்டி கட்டி வருகிறோம்.

நம் கல்லூரியில் விலங்கியல் ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால் கருவேலம் முளைத்துக் கிடக்கும் நிலம் கால் ஏக்கருக்குக் குறையாது. என் நினைவுக்கெட்டிய வரை அங்கே கோழி மேய்ந்ததில்லை. அதாவது ஹெட்டராகிஸ் முட்டைக்கு அங்கே வேலையில்லை. நாட்டு நலப்பணித் திட்டத்து மாணவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை இறங்கினால் முள்ளை வெட்டி அந்த முள்ளாலேயே வேலி கட்டிவிடலாம். ஒரு மாதக் குஞ்சு ஆறு. விடுதிச் சமையற்கட்டில் மிஞ்சும் கீரையும் காய்த்தோலும். மாலையில் முறை வைத்துப் பார்த்துக்கொள்ள இருவர். எச்சத்தை உருப்பெருக்கியில் பார்த்துப் பாடம் படிக்கலாம். தீவனக் கணக்கை வணிகவியல் மாணவர்கள் எழுதலாம். ஆட்டத்தைப் பற்றித் தமிழ்த்துறையினர் தாமே பார்த்துத் தீர்ப்புச் சொல்லலாம். சுற்றுவட்டார மகளிர் குழுவினர் வந்து பார்த்துப் போகவும் அது இடமாகும். முதல்வர் அவர்கள் இசைவு தந்தால் குஞ்சுகளுக்கு வேண்டிய பணத்தை மூன்றாம் ஆண்டு மாணவர்கள் நாங்களே திரட்டித் தருகிறோம். கோலிக்குண்டு நான்கு என்னிடம் இருக்கிறது.